பின் சில்லின் நடுக்கம்

எங்கள் முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, செப்டெம்பர் மாதம். அப்போது நாங்கள் ரெக்ஸ்டேலில் ஓர் உயரமான கட்டடத்தில், ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் இருந்தோம். நான் கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் கணவர் எனக்கு முன்பே வந்தவர். பிறம்ரனில் ஒரு வெயாஹவுஸில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. நான் அந்த வழியிலேயே ஒரு பக்ரறியில் சோப்புக் கட்டிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. காலையில் அவர் என்னைப் பக்ரறி வாசலில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். பின்னேரம் திரும்ப வந்து ஏற்றுவார். அந்தக் கார் பிறேக் பிடித்தால் குலுங்கும். மெல்லப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில் வேகத்தைக் குறைக்கும்போதுதான் தொடங்கும். ஸ்ரியறிங் அவருடைய கையில் ஆடும். எனக்கு, நான் இருக்கும் சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு அதிர்வு எழும்பி, இடுப்புக்கும் அடிவயிற்றுக்கும் வந்து சேரும். வயிறு பெரிதான பிறகு அந்த வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைக் கீழிருந்து தாங்கிக்கொள்வேன். உள்ளே பிள்ளை துள்ளுவாள்.

"இதை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று சொல்லியிருக்கிறேன்.

"பழைய கார் எண்டா உப்பிடித்தான் இருக்கும். பிள்ளை பிறக்க முதல் செய்விப்பம்" என்பார். அதில் பிழையாக எதுவும் இருக்கவில்லை. யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பிள்ளை அசையவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அசையவில்லை என்று கவனித்தேன். அந்த வளைவிலும் அசையவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் குடித்து, கன்ரீன் மேசையில் குனிந்து காத்திருந்து பார்த்தேன். பிறகு சுப்பர்வைசரிடம் சொல்லி என் கணவருக்குப் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்த பெண், ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் கதவைத் திறந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருந்து கொடுத்துப் பிள்ளையைப் பெறவைத்தார்கள். பெண் பிள்ளை. தலை நிறைய மயிர். நேர்ஸ் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். நித்திரை கொள்ளும் பிள்ளை போலத்தான் இருந்தாள். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ஒருக்காத் தூக்குங்கோ" என்றேன். தூக்கினார். உடனே திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்த நாள் டொக்டர் வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நடுத்தர வயதுப் பெண். மெல்லக் கதைத்தார். சில வேளைகளில் ஏன் இப்படி நடக்கிறது என்று எங்களுக்கே தெரிவதில்லை என்றார். அவ்வளவு எனக்கு விளங்கியது. ஆனால் கேட்க நினைத்ததை ஆங்கிலத்தில் கேட்கும் அளவுக்கு எனக்கு வாய் வரவில்லை. என் கணவரைப் பார்த்துச் சொன்னேன்: "கார் குலுங்கினபடியாலோ எண்டு கேளுங்கோ."

அவர் டொக்டரிடம் ஏதோ கேட்டார். டொக்டர் தலையாட்டி, ஓம், ஓம் என்று நீளமாகப் பதில் சொன்னார்.

"என்னவாம்?"

"காரணம் தெரியாதாம்" என்றார்.

அவர் கேட்டதில் கார் என்ற சொல் வரவில்லை. அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. இனியும் எனக்குப் பிள்ளை பிறக்குமா என்றுதான் அவர் கேட்டிருந்தார். அது எனக்குப் பிறகு, படுத்திருந்து அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது விளங்கியது. அவருடன் அன்று முழுவதும் நான் கதைக்கவில்லை.

பிள்ளையைப் புதைக்க அவரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் போனார்கள். நான் வரக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் வரச்சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர அவர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் ஏறமாட்டேன் என்றேன்.

"நிக்க ஏலாமல் நிக்கிறீர், ஏறும்" என்றார்.

"நான் இதில வரேல்லை."

டாக்ஸி பிடித்து என்னை ஏற்றிவிட்டு, பின்னால் தன் காரில் தனியாக வந்தார். டாக்ஸிக்காரன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பஸ்தான். பக்ரறிக்குத் திரும்பப் போகவில்லை. அந்தக் கார் கீழே தரிப்பிடத்தில் நிற்பதை ஜன்னலால் பார்த்தால்கூட ஜன்னல் சீலையை இழுத்துவிடுவேன்.

எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இன்று யோசித்தால் அவ்வளவுதான். நான் பாரம் தூக்கவில்லை. கண்டதைத் தின்னவில்லை. டொக்டர் தந்த குளிசைகளை ஒரு நாளும் தவறவிடவில்லை. என் உடம்புக்கு வெளியே, நாள்தோறும் இரண்டு தரம் பிள்ளையை உலுக்கியது அந்தக் கார் ஒன்றுதான். அதைப் பற்றி நான் வாய் திறந்தால் அவருடைய முகம் இறுகிவிடும். "கார் குலுங்கி ஆருக்கும் பிள்ளை சாகிறேல்லை" என்பார். பிறகு வெளியே போய்விடுவார். வேலைக்கு வழக்கத்திலும் முந்திப் போய், பிந்தித்தான் வீட்டுக்கு வந்தார். நான் அழும் வீட்டில் இருக்க அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்.

ஒக்ரோபர் முடிவில் ஒரு நாள் அவர் வந்து, "காரைச் செய்விச்சிட்டன்" என்றார். எங்கள் வீட்டுக்குக் கிட்ட, கடைகளுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன கராஜ் இருந்தது. அதை நடத்தியவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். முன் சில்லுகளில் பிறேக் பிடிக்கும் டிஸ்க் இரண்டும் நெளிந்துபோயிருந்ததாம். இரண்டையும் கழற்றிப் புதிதாகப் போட்டுவிட்டாராம்.

"இனிக் குலுங்காது. ஒருக்கா வந்து பாரும்." கெஞ்சுவது போலத்தான் கேட்டார்.

போனேன். கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சீற்றில் இருந்தேன். ஹைவேயில் கொஞ்சத் தூரம் ஓடி, வெளியே இறங்கும் வளைவில் பிறேக்கை மிதித்தார். எனக்குக் கீழே அது எழும்பியது. முந்தியதைவிடக் குறைவு. ஆனால் அதே அதிர்வு, அதே இடத்தில்.

"குலுங்குது" என்றேன்.

"இல்லை."

"குலுங்குதப்பா."

அவர் ஸ்ரியறிங்கிலிருந்து விரல்களைத் தூக்கி, உள்ளங்கையால் மட்டும் மெல்லத் தொட்டபடி காட்டினார். "இஞ்ச பாரும். என்ர கை ஆடுதோ? ஒரு நடுக்கம் இருக்கோ?" ஸ்ரியறிங் ஆடவில்லை. அது உண்மை. "உமக்கு இப்ப எல்லாம் குலுங்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த லைற்றில் கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கி, பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கே சந்தேகம் வந்தது. சமைக்கும்போது, படுத்திருக்கும்போது, எலிவேற்றர் நிற்கும்போது எனக்கு அந்த அதிர்வு வருகிறதா என்று கவனிக்கத் தொடங்கினேன். வரவில்லை. காரில் மட்டும்தான் வந்தது. அப்படியானால் எனக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு நாள் அவருக்குச் சொல்லாமல் அந்தக் கராஜுக்கு நடந்து போனேன்.

கராஜ்காரர் ஒரு வானுக்கு அடியில் இருந்து வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் சுருங்கியது. "முன் டிஸ்க் ரெண்டும் புதுசு புள்ள. நானே ஓடிப் பாத்துத்தான் குடுத்தன். ஒரு நடுக்கமும் இல்ல."

"எனக்குத் தெரியுது அண்ணை."

"ஸ்ரியறிங் ஆடுதா?"

"இல்லை. கையில இல்லை. இருக்கிற இடத்தில. சீற்றுக்குக் கீழ இருந்து வந்து, இஞ்ச படுது." என் கை தானாக அடிவயிற்றுக்குப் போய்விட்டது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். எங்கள் கதை ரெக்ஸ்டேலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எண்ணெய்த் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நான் ஸ்ரியறிங்க மட்டுந்தான் பாத்தன்" என்றார். "பின் சில்லில பிழை எண்டா ஸ்ரியறிங்கில தெரியாது. சீற்றிலதான் தெரியும். ஓட்டுறவருக்கு அவ்வளவு விளங்காது, முழுக் கவனமும் கையிலதானே இருக்கும்."

எப்படி அறிவது என்று கேட்டேன். ஹாண்ட் பிறேக் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும் என்றார். ஆள் நடமாட்டம் இல்லாத வெளியில், மிதமான வேகத்தில் போகும்போது, காலால் மிதிக்காமல், ஹாண்ட் பிறேக்கின் பட்டனை அமத்தியபடி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். அதற்கும் குலுங்கினால் பின்பக்கம்தான். "இல்லாட்டி காரக் கொண்டுவரச் சொல்லுங்க, நானே பாக்கிறன்."

நான் அவரிடம் காரை அனுப்ப விரும்பவில்லை. என் கணவர் பக்கத்தில் இருந்து அதை உணரவேண்டும் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றார்.

நான் வேலை செய்த பக்ரறியின் கார்த் தரிப்பிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும். அங்கேதான் போனோம். கடற்பறவைகள் சில தார் மேல் உட்கார்ந்திருந்தன. அவர் ஓரத்திலிருந்து காரை எடுத்து வேகத்தைக் கூட்டினார். ஹாண்ட் பிறேக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. நான் பட்டனை அமத்திப் பிடித்திருந்தேன்.

"இப்ப இழும்" என்றார்.

இழுத்தேன். கார் முழுக்க அதிர்ந்தது. கூரை விளக்கின் மூடி கடகடத்தது. முன்பு எனக்கு மட்டும் தெரிந்தது இப்போது எங்கள் இருவருக்கும் அடியில் இருந்தது.

"விடும். இன்னொருக்கா." திரும்ப ஓடினார். திரும்ப இழுத்தேன். திரும்பக் குலுங்கியது. மூன்றாம் முறையும் கேட்டார். அதற்கும் பிறகு கேட்டார். கடைசியில் தரிப்பிடத்தின் நடுவில், எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லாமல் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, கால்களை வெளியே போட்டபடி எனக்கு முதுகு காட்டி இருந்தார்.

"குலுங்குது" என்றார்.

நான் ஹாண்ட் பிறேக்கிலிருந்து கையை எடுத்தேன்.

"நீர் முதலே சொன்னனீர்."

நான் வென்றுவிட்டேன் என்று எனக்கு இருக்கவில்லை. இத்தனை நாளும் அவருடன் சண்டை பிடித்ததே அவர் என்னைப் பிழை என்று நிரூபிக்கவேண்டும் என்றுதான் போல. குலுங்கவில்லை, எல்லாம் உம்முடைய மனப்பிரமை என்று அவர் உறுதியாக நின்றிருந்தால், காரால்தான் பிள்ளை போனாள் என்பதும் மனப்பிரமையாகப் போயிருக்கும். இப்போது நான் சொன்னது உண்மையாகிவிட்டது. அப்படியென்றால் நான் பயந்ததும் உண்மையாக இருக்கலாம். அவருக்கும் அதே யோசனைதான் ஓடியிருக்கவேண்டும். தோள்கள் ஆடின. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. நான் சுற்றிவந்து அவருக்கு முன்னால் நின்றேன். அவர் என் சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "நானெல்லோ ஓட்டினனான், நானெல்லோ ஓட்டினனான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பறவைகள் எழும்பிப் பறந்து மறுபடி வேறு இடத்தில் இறங்கின.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் காரைக் கராஜில் விட்டார். நானும் போனேன். கராஜ்காரர் பின் சில்லுகளைக் கழற்றினார். உள்ளே டிறம் என்று சட்டி போல ஓர் இரும்பு மூடி. துருப் பிடித்து ஒட்டிப்போய் இருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் கழற்ற முடிந்தது. கழன்று வந்ததை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார். பார்க்க வட்டமாகத்தான் இருந்தது. அவர் ஓர் அளவுகோலை உள்ளே குறுக்காக வைத்து, பிறகு திருப்பி வைத்தார். ஒரு பக்கம் இறுக்கமாக நின்ற கோல் மறு பக்கம் ஆடியது. "வட்டம் போயிற்று. அதான் விட்டு விட்டுப் பிடிச்சிருக்கு. நான் முதலே இதையும் பாத்திருக்கோணும் புள்ள" என்றார்.

என் கணவர் கேட்டார்: "இது எவ்வளவு காலமா இப்பிடி இருந்திருக்கும்?"

கராஜ்காரர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதெல்லாம் சொல்ல ஏலாதுகா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புது டிறம் எடுக்க உள்ளே போனார்.

அன்று மத்தியானம் காரை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தோம். அந்த வளைவில் அவர் பிறேக் பிடித்தார். கார் தண்ணீரில் போவது போல மெல்ல வேகம் குறைந்து வந்து நின்றது. சீற்றில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. இவ்வளவு சுலபமாக நிறுத்தக்கூடிய கார் அது. இரண்டு பேரும் முன்னால் எரிந்த சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

டிசெம்பர் தொடக்கத்தில் டொக்டரிடம் போகவேண்டி இருந்தது. உடம்பு தேறிவிட்டதா என்று பார்ப்பதற்கு. சோதித்து முடித்து, எல்லாம் நல்லாக இருக்கிறது என்று அவர் எழும்பியபோது என் கணவர், "பிளீஸ்" என்றார். டொக்டர் திரும்ப இருந்தார்.

என் கணவருக்கு வெயாஹவுஸ் ஆங்கிலம்தான் தெரியும். கார் என்றார். பிறேக் என்றார். குலுங்குவதற்குச் சொல் கிடைக்காமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஆட்டிக் காட்டினார். பிறகு என் வயிற்றைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, ஓட்டியது நான் என்றார். டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் வைத்திருந்த பேனையை மேசையில் வைத்தார். இல்லை என்றார். பிள்ளை தண்ணீருக்குள் மிதக்கிறது, கார் குலுங்குவது அதை ஒன்றும் செய்யாது என்று கைகளால் ஒரு பந்து போலக் காட்டினார். கார் இல்லை, நீங்கள் இல்லை, அவளும் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் என் கணவர் என் பக்கம் திரும்பி, "கார் இல்லையாம்" என்றார்.

"ஓம்" என்றேன்.

வெளியே வந்து காரில் ஏறினோம். அவர் சாவியைப் போடவில்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இறங்கவில்லை. இவ்வளவு நாளும் கோபப்பட என்னிடம் ஒரு கார் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"அப்ப ஏன்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லையப்பா" என்றார். பிறகு, "பிள்ளையிட்டப் போவமோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அந்த மயானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் பெய்த பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எங்கள் காரைக் கண்டதும் கையை உயர்த்தினார். என் கணவரும் உயர்த்தினார். நாள்தோறும் சந்திப்பவர்கள் காட்டுவது போன்ற கை.

"அவர் ஆர்?"

"இஞ்ச வேலை செய்யிறவர்."

"உங்களை எப்பிடித் தெரியும்?"

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "வேலைக்குப் போற வழியில வாறனான்" என்றார்.

அது வழி இல்லை. வெயாஹவுஸ் மேற்கே இருந்தது. மயானம் கிழக்கே, நகரத்தின் மறு பக்கம். முந்திப் போய்ப் பிந்தி வந்த நேரங்களெல்லாம் எங்கே போயின என்று அங்கே, அந்தச் சீற்றில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

பின் சீற்றில் கிடந்த, கண்ணாடியில் பனி தட்டும் பிறஷை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அவருடைய சப்பாத்து அடிகளில் என் கால்களை வைத்து நான் பின்னால் போனேன். சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் பகுதி வேலியோரம் இருந்தது. கற்கள் நிலத்தோடு நிலமாகப் பதித்தவை. பனிக்குள் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நேராகப் போய் ஓர் இடத்தில் குந்தி, பிறஷால் பனியைத் தள்ளினார். எங்கள் குடும்பப் பெயர் மட்டும் எழுதிய சின்னக் கல் வெளியே வந்தது. பிள்ளைக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கவில்லை.

எழுத்துக்களுக்குள் இறுகியிருந்த பனியை நான் நகத்தால் கிண்டி எடுத்தேன். கையுறை போட மறந்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. அவர் பக்கத்துக் கல்லையும் துடைத்தார். அதற்கு அடுத்ததையும் துடைத்தார். "இவைக்கு ஆக்கள் வாறேல்லை" என்றார். நான் எழும்பிப் போய், அவர் துடைக்கத் துடைக்க மிச்சப் பனியைக் கையால் ஒதுக்கினேன். வேலி வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குப் பின்னால் கற்கள் ஒரு வரிசையாகக் கறுப்பாகத் தெரிந்தன. வானம் இருண்டுகொண்டு வந்தது. திரும்பவும் பனி கொட்டத் தொடங்கியது.